செவ்வாய் தோஷமும் ஏழரைச் சனியும்

1995, மே 11. லாஸ் ஏஞ்சலிஸ் நகரம். வீடியோ கேம் கம்பெனிகள் எல்லாம் ஒன்றுகூடி, இ3 என்ற பெயரில் முதல்முறையாக ஒரு பிரம்மாண்டக் கண்காட்சி நடத்துகின்றன. கடைக்காரர்கள், பத்திரிகைக்காரர்கள், கேம் தயாரிப்பவர்கள் என்று ஏகப்பட்ட கூட்டம்.

மேடையில் டாம் கலின்ஸ்கி. செகா கம்பெனியின் அமெரிக்கத் தலைவர். செகாவின் புதிய கேம் மெஷின், 'சாட்டர்ன்', செப்டம்பர் 2-ம் தேதி விற்பனைக்கு வருவதாக ஏற்கெனவே அறிவித்திருந்தார்கள். கலின்ஸ்கி மைக்கைப் பிடித்து ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்றைக்கே கடைக்கு வந்துவிட்டது. விலை 399 டாலர்.

கொஞ்ச நேரம் கழித்து சோனியின் முறை. வீடியோ கேம் தொழிலுக்கே புதுசு அந்தக் கம்பெனி. அதன் அமெரிக்கத் தலைவர் ஸ்டீவ் ரேஸ் மேடை ஏறினார். பெரிய சொற்பொழிவு ஆற்றப்போகிறார் என்று எல்லோரும் நிமிர்ந்து உட்கார, அவர் ஒரே ஓர் எண்ணைச் சொன்னார். 299. சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். அரங்கமே கைதட்டியது.

அது பிளேஸ்டேஷனின் விலை. நூறு டாலர் குறைவு.

வீடியோ கேம் சரித்திரம் எழுதுகிறவர்கள் இந்தக் காட்சியை விடவே மாட்டார்கள். நூறு டாலரில் சோனி ஜெயித்தது, செகா தோற்றது, முடிந்தது கதை என்பார்கள். எனக்கென்னவோ, அன்றைக்கு அந்த அரங்கத்தில் இல்லாத ஒருவனைப் பற்றித்தான் யோசனை. அவன் செகாவின் ரசிகன். அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊரில், தன் வீட்டு டி.வி. முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த பையன். அவனைப் போல லட்சக்கணக்கானவர்கள் இருந்தார்கள். வசதிக்காக ஒரே ஆளாக வைத்துக்கொள்வோம்.

செகாவை வீழ்த்தியது சோனி அல்ல. இந்தப் பையனின் மனசு விட்டுப்போனதுதான். எப்படி விட்டுப்போனது? கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பி.காம். படித்ததற்கு ஏதாவது பிரயோஜனம் வேண்டாமா?

*

முதலில், செகா என்றால் யார்?

ஜப்பான் கம்பெனி என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். வேர் இருப்பது ஹவாய்த் தீவில். அமெரிக்க ராணுவ முகாம்களுக்கு, காசு போட்டு ஆடும் பொழுதுபோக்கு மெஷின்கள் சப்ளை செய்த 'சர்வீஸ் கேம்ஸ்' என்ற வியாபாரம். 'சர்வீஸ்' என்பதில் முதல் இரண்டெழுத்து, 'கேம்ஸ்' என்பதில் முதல் இரண்டெழுத்து. செ, கா. 1950-களில் ஜப்பானுக்கு ஜாகை மாறியது. 1965-ல் டேவிட் ரோசன் என்ற அமெரிக்கரின் கம்பெனியோடு இணைந்தது. பிறகு ஒரு பெரிய அமெரிக்க நிறுவனத்தின் கைக்குப் போய், 1984-ல் ரோசன், ஹயாவோ நகயாமா, இசாவோ ஒகாவா ஆகியோர் சேர்ந்து திரும்ப வாங்கினார்கள். இந்த நகயாமாவையும் ஒகாவாவையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் திரும்ப வருவார்கள்.

அந்தக் காலத்தில் வீடியோ கேம் என்றால் நின்டெண்டோதான். அமெரிக்க மார்க்கெட்டில் பத்துக்கு ஒன்பது பங்கு அவர்களுடையது. அந்த மலையில் செகா முட்டி மோதிக்கொண்டிருந்தது. 1988-ல் ஜப்பானில் 'மெகா டிரைவ்' என்று ஒரு மெஷின் விட்டார்கள். மறுவருடம் அதுவே 'ஜெனிசிஸ்' என்ற பெயரில் அமெரிக்காவுக்கு வந்தது. விலை 189 டாலர். சுமாராகப் போனது.

1990-ல் கலின்ஸ்கி வந்தார். அதற்கு முன் பொம்மைக் கம்பெனியில் பார்பி விற்றுக்கொண்டிருந்தவர். ஜப்பானுக்குப் போய், டைரக்டர்கள் முன்னால் தன் திட்டத்தை வைத்தார். விலையைக் குறையுங்கள். இருப்பதிலேயே நல்ல கேமை மெஷினோடு இலவசமாகக் கொடுங்கள். விளம்பரத்தில் நின்டெண்டோவை நேருக்கு நேர் வம்புக்கு இழுங்கள். அமெரிக்கர்களுக்குப் பிடித்த கேம்களை அமெரிக்காவிலேயே தயாரிக்க விடுங்கள்.

டைரக்டர்களுக்கு ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. நகயாமாவுக்கும் உடன்பாடில்லை. ஆனாலும், உங்களை வேலைக்கு வைத்ததே முடிவெடுக்கத்தானே, நடத்துங்கள் என்று சொல்லிவிட்டார். பின்னாளில் கலின்ஸ்கியே பல பேட்டிகளில் சொன்ன விஷயம் இது.

1991. விலை 149 டாலரானது. கூடவே சோனிக் என்கிற நீல நிற முள்ளெலி இலவசம். மின்னல் வேகத்தில் ஓடும், உருளும், நீங்கள் சும்மா நின்றால் பொறுமையில்லாமல் காலைத் தட்டும். அமெரிக்கப் பையன்கள் கிறங்கிப் போனார்கள். மரியோ, தம்பி தங்கைகள் ஆடுவது. சோனிக், நாம் ஆடுவது. பள்ளிக்கூடத்தில் இரண்டு கட்சி. எம்.ஜி.ஆர்., சிவாஜி மாதிரி.

நம் பையன் செகா கட்சி. அவன் கணக்கில் முதல் வரி: 149 டாலர்.

இது நல்ல செலவு. சந்தேகமே வேண்டாம். அந்த 149-க்கு அவனுக்குக் கிடைத்தது மெஷின் மட்டுமல்ல, 'நான் செகாக்காரன்' என்கிற கௌரவமும்தான். கொஞ்ச காலம் அமெரிக்காவில் செகா நின்டெண்டோவையே முந்தி ஓடியது.

*

இரண்டாவது வரி, 1992. 'செகா சிடி'. ஜெனிசிஸுக்கு அடியில் பொருத்தும் துணைக்கருவி. அப்போதுதான் சிடி புதுசு. கார்ட்ரிட்ஜில் அடங்காத அளவு படமும் பாட்டும் ஒரு தட்டில் அடங்கும் என்றார்கள். விலை 299 டாலர். மெஷினைப் போல இரண்டு மடங்கு!

பையன் வாங்கினான். கோடை விடுமுறையில் பக்கத்து வீட்டுப் புல்லையெல்லாம் வெட்டிச் சேர்த்த காசு என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இங்கேதான் ஒரு சின்ன சங்கதி. ஜெனிசிஸால் ஒரே சமயத்தில் 64 வண்ணங்களைத்தான் திரையில் காட்ட முடியும். செகா சிடி வந்த பிறகும் அதே 64-தான். சினிமா மாதிரி படம் ஓடும் என்று விளம்பரம் செய்த கேம்கள், ஓட்டை ஆன்டெனாவில் தெரிகிற தூர்தர்ஷன் மாதிரி புள்ளி புள்ளியாக ஓடின. 'சோனிக் சிடி' போன்ற நல்ல கேம்கள் இல்லாமல் இல்லை. ஆனால் விரல்விட்டு எண்ணலாம். ஜெனிசிஸ் வைத்திருந்தவர்களில் பத்தில் ஒருவர்கூட இதை வாங்கவில்லை.

வாங்கிய ஒருவன் யார்? விசுவாசி. நஷ்டம் அவனுக்குத்தான். மற்ற ஒன்பது பேருக்கு ஒன்றுமில்லை.

பரவாயில்லை, போகட்டும் என்று விட்டான் பையன். கட்சி ஆயிற்றே.

*

இப்போது ஜப்பான் பக்கம் திரும்புவோம்.

அமெரிக்காவில் சக்கைப்போடு போட்ட அதே மெஷின், சொந்த ஊரில் எடுபடவில்லை. ஜப்பானில் நின்டெண்டோ, என்.இ.சி. ஆகியோருக்குப் பின்னால் மூன்றாவது இடம்தான். ஆகவே தலைமையகத்துக்கு ஒரே துடிப்பு. இதைத் தலைமுழுகிவிட்டு சீக்கிரம் புதிய மெஷினுக்குப் போக வேண்டும். அமெரிக்கக் கிளைக்கோ நேரெதிர் நிலைமை. ஜெனிசிஸ் நன்றாக விற்கிறது, இன்னும் இரண்டு வருடம் ஓட்டலாம். ஒரு கம்பெனிக்கு இரண்டு மனசு. வீட்டில் மாமியார் ஒரு பக்கம், மருமகள் ஒரு பக்கம் இழுத்தால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று.

1994 ஜனவரி. போட்டிக் கம்பெனியான அட்டாரி 'ஜாகுவார்' என்று ஒரு மெஷினைக் கொண்டுவந்திருந்தது. சாட்டர்ன் தயாராகும் வரை சும்மா இருந்தால் மார்க்கெட் போய்விடும், உடனே ஏதாவது செய்யுங்கள் என்று நகயாமாவிடமிருந்து அமெரிக்கக் குழுவுக்கு போன். வண்ணங்களைக் கூட்டி ஒரு புது ஜெனிசிஸ் விடலாம் என்பது ஜப்பானின் யோசனை. அதற்கு இன்னொரு துணைக்கருவியே தேவலை என்றார், அமெரிக்க ஆராய்ச்சிப் பிரிவின் தலைவர் ஜோ மில்லர். அப்படிப் பிறந்ததுதான் '32 எக்ஸ்'.

கம்பெனிக்குள் அதற்கு வைத்திருந்த ரகசியப் பெயர், மார்ஸ். அதாவது செவ்வாய். அடுத்து வருவது சாட்டர்ன். அதாவது சனி. செகாவில் நம் ஊர்ப் பாட்டி ஒருத்தி இருந்திருந்தால் அன்றைக்கே தலையில் அடித்துக்கொண்டிருப்பாள்.

1994 நவம்பரில் 32 எக்ஸ் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. விலை 159 டாலர். ஜெனிசிஸின் தலையில், கார்ட்ரிட்ஜ் செருகும் இடத்தில் காளான் மாதிரி உட்காரும். ஜெனிசிஸுக்கு ஓர் அடாப்டர், செகா சிடிக்கு ஓர் அடாப்டர், 32 எக்ஸுக்கு ஓர் அடாப்டர். ஒரு கேம் ஆட சுவரில் மூன்று பிளக். நடுவில் ஒன்றையொன்று இணைக்க வயர் வேறு.

இதெல்லாம்கூடப் பெரிதில்லை. அதே நவம்பர் மாதம், ஜப்பானில் சாட்டர்ன் விற்பனைக்கு வந்துவிட்டது!

யோசித்துப் பாருங்கள். ஒரு கையால், 'தம்பி, இதுதான் எதிர்காலம், 159 டாலர் கொடு' என்று வாங்கிக்கொள்கிறார்கள். மறு கையில் நிஜமான எதிர்காலத்தைப் பிடித்துக்கொண்டு, கடலுக்கு அந்தப் பக்கம் விற்கிறார்கள். இரண்டிலும் ஒரே ரக ஹிட்டாச்சி பிராசஸர், அதுவும் இரண்டிரண்டு. ஆனால் இதில் ஓடும் கேம் அதில் ஓடாது. கேம் தயாரிப்பவர்கள் மடையர்களா என்ன? சில மாதத்தில் சாகப்போகிற மெஷினுக்கு யார் மெனக்கெடுவார்கள்? 32 எக்ஸின் மொத்த வாழ்நாளில் வந்த கேம்கள், 40 சொச்சம். கடைசியில் 20 டாலருக்குக் கூடையில் போட்டுத் தள்ளினார்கள்.

நம் பையன் 159 கொடுத்து வாங்கியவன். அதே பொருள் கூடையில் கிடப்பதைப் பார்க்கிறான். அவனிடம் யாரும் 'தப்பு நடந்துவிட்டது' என்று சொல்லவில்லை.

*

இந்த நிலைமையில்தான் 1995 மே 11. 'சாட்டர்ன் இன்றைக்கே கிடைக்கும்!'

எங்கே கிடைக்கும்? குறிப்பிட்ட நாலே நாலு கடைத்தொடர்களில். மற்ற கடைக்காரர்களுக்கு அறிவிப்பு வரும்வரை விஷயமே தெரியாது. 'கேபி டாய்ஸ்' என்ற பெரிய பொம்மைக் கடைத்தொடர், இனி சாட்டர்னே விற்கமாட்டோம் என்று சொல்லிவிட்டது. அன்றைக்குக் கையில் இருந்த கேம்கள் ஆறு. ஆறும் செகாவே வெளியிட்டவை. மற்ற கம்பெனிகள் செப்டம்பர் என்ற வாக்கை நம்பி நிதானமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தன. சீக்கிரமே கொடுத்து அசத்தலாம் என்ற இந்த அவசரத்தையும் தலைமையகம்தான் திணித்தது என்பது கலின்ஸ்கியின் வாக்குமூலம்.

மெஷினாவது சுலபமானதா? சாட்டர்னுக்குள் இரண்டு பிராசஸர்கள். கேட்க ஜோர்தான். ஆனால் இரண்டுக்கும் பொதுவான ஒரே நினைவகம், ஒரே பாதை. தெருக்குழாய் ஒன்று, குடம் இரண்டு. ஒன்று பிடிக்கும்போது மற்றது காத்திருக்க வேண்டும். இரண்டும் இடிக்காமல் வேலை வாங்குவது கழைக்கூத்து. நூறு புரோகிராமர்களில் ஒருவரால்தான் முடியும் என்ற அர்த்தத்தில், செகாவின் நட்சத்திர டிசைனர் யூ சுஸுகியே சொன்னார். பிளேஸ்டேஷனோ நேர் ரோடு. யார் வேண்டுமானாலும் ஓட்டலாம்.

இதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. சிலிகான் கிராஃபிக்ஸ் என்ற கம்பெனி செய்துவைத்திருந்த சிப்பைத் தாம் சிபாரிசு செய்ததாகவும், ஜப்பான் இன்ஜினீயர்கள் குறை சொல்லி ஒதுக்கிவிட்டதாகவும் கலின்ஸ்கி பிற்பாடு சொன்னார். அந்தக் கம்பெனி நேராக நின்டெண்டோவிடம் போனது. 1996-ல் 'நின்டெண்டோ 64' பிறந்தது.

சரி, பையன் என்ன செய்தான்? வாங்கினான் ஐயா, வாங்கினான்! 399 டாலர்.

வீட்டுக்குக் கொண்டுவந்து பெட்டியைப் பிரித்தால், சாட்டர்னின் தலையில் கார்ட்ரிட்ஜ் செருக ஓர் இடம். ஆசையோடு பழைய ஜெனிசிஸ் கேமை எடுக்கிறான். ம்ஹும். அது வேறு உபயோகத்துக்காம். ஜெனிசிஸ் கேம், செகா சிடி கேம், 32 எக்ஸ் கேம் எதுவும் இதில் ஓடாது. அதுவரை சேர்த்ததெல்லாம் பரணுக்கு. போதாக்குறைக்கு, சாட்டர்னுக்காகத் தயாரித்துக்கொண்டிருந்த பெரிய சோனிக் கேமையும் பாதியில் கைவிட்டார்கள்.

இப்போது கூட்டிப் பாருங்கள். 149, 299, 159, 399. மொத்தம் 1,006 டாலர். 1995-ன் மதிப்பில் 32 ஆயிரம் ரூபாய்க்கு மேல். நாலு வருடத்தில், ஒரே கம்பெனிக்கு, ஒரு பள்ளிக்கூடப் பையன். இது மெஷின்களுக்கு மட்டும். கேம்களுக்கு ஆன காசு தனி.

1996-ல் கலின்ஸ்கி வெளியேறினார். அடுத்த வருடம் செகாவின் அமெரிக்கக் கிளையைச் சேர்ந்த பெர்னி ஸ்டோலார், சாட்டர்ன் எங்கள் எதிர்காலம் அல்ல என்று பகிரங்கமாகவே சொன்னார். வியாபாரியாக அவர் சொன்னது நிஜம்தான். வாங்கி இரண்டே வருடம் ஆன மெஷினை டி.வி.க்குப் பக்கத்தில் வைத்திருந்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும்?

*

கல்லூரியில் எங்களுக்குக் கணக்குப்பதிவியல் எடுத்த வாத்தியார் ஒன்று சொல்வார். ஒரு கம்பெனியின் நற்பெயருக்கு விலை உண்டு. ஆனால் அதை ஐந்தொகையில் எழுத ஒரு விதி இருக்கிறது. இன்னொரு கம்பெனியை வாங்கும்போது காசு கொடுத்து வாங்கிய நற்பெயரை எழுதலாம். நீயாகச் சம்பாதித்த நற்பெயரை எழுத முடியாது. நாங்கள் சிரிப்போம். கஷ்டப்பட்டுச் சம்பாதித்ததற்கு மதிப்பில்லை, காசு கொடுத்து வாங்கியதற்குத்தான் மதிப்பா?

செகா கதையைப் படித்தபோதுதான் அந்த விதியின் ஆபத்து புரிந்தது. கணக்கில் வராத சொத்து கரைந்தால், கரைவதும் கணக்கில் வராது. 32 எக்ஸ் விற்றபோது செகாவின் புத்தகத்தில் 159 டாலர் வரவு. பையனின் நம்பிக்கையில் ஏற்பட்ட பற்று? அதை எழுத எந்தப் பேரேட்டிலும் பக்கம் இல்லை.

அந்தப் பற்று, சில வருடம் கழித்து, வட்டியோடு திரும்பி வந்தது.

*

1998 நவம்பரில் ஜப்பானிலும், 1999 செப்டம்பர் 9-ம் தேதி அமெரிக்காவிலும் வந்தது 'டிரீம்காஸ்ட்'. விலை 199 டாலர். இந்த முறை செகா பழைய தப்புகளைத் திருத்திக்கொண்டிருந்தது. ஒரே மெயின் பிராசஸர், கேம் எழுதச் சுலபம். இன்டர்நெட்டில் ஆட உள்ளேயே மோடம். முதல் நாளே சோனிக். அமெரிக்காவில் முதல் 24 மணி நேரத்தில் 2 லட்சத்து 25 ஆயிரம் மெஷின்கள் விற்றன. இன்றைக்கு எடுத்து ஆடினாலும் அலுக்காத மெஷின் என்று ரசிகர்கள் சத்தியம் செய்வார்கள்.

நம் பையன் இப்போது இளைஞன். கையில் சம்பளக் காசு. கடைக்குப் போகிறான். டிரீம்காஸ்ட்டைத் தொட்டுப் பார்க்கிறான். பிரமாதமாக இருக்கிறது. ஆனால் வாங்கவில்லை.

காரணம் எளிது. 1999 மார்ச்சிலேயே சோனி, பிளேஸ்டேஷன் 2 வரப்போகிறது என்று அறிவித்துவிட்டது. டிவிடி சினிமாவும் பார்க்கலாம் என்றது. டிரீம்காஸ்ட்டில் டிவிடி ஓடாது. 'எதற்கும் பார்த்துக்கொண்டு வாங்கலாம்' என்று முடிவெடுத்தான். பார்த்துக்கொண்டு வாங்கும் புத்தியை அவனுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? செகாவேதான். 1,006 டாலர் கட்டணம் வாங்கிக்கொண்டு கற்றுக்கொடுத்த பாடம்.

வேறு காரணங்களும் உண்டு, மறுக்கவில்லை. எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற ஜாம்பவான் கம்பெனி டிரீம்காஸ்ட்டுக்கு கேம் தயாரிக்க மறுத்துவிட்டது. திருட்டு டிஸ்க் பிரச்னை வேறு. சோனியின் பண பலம் அசுர பலம். ஆனால் இதே மாதிரித் தடைகளோடுதானே 1991-ல் நின்டெண்டோவை எதிர்த்து நின்றார்கள்? அன்றைக்குப் பையன் பக்கத்தில் இருந்தான். இன்றைக்கு இல்லை.

2001 ஜனவரி 31. மார்ச் மாதத்தோடு டிரீம்காஸ்ட் உற்பத்தியை நிறுத்துகிறோம், இனி மெஷின் தயாரிக்க மாட்டோம், கேம்கள் மட்டும்தான் என்று செகா அறிவித்தது. மொத்தம் விற்றது சுமார் 91 லட்சம். பிற்பாடு பிளேஸ்டேஷன் 2 விற்றது 15 கோடிக்கும் மேல்.

ஜப்பானில் சாட்டர்ன் வந்த நாளிலிருந்து இந்த அறிவிப்பு வரை ஆறு வருடம், இரண்டு மாதம். முழுசாக ஏழரை வருடம்கூடத் தேவைப்படவில்லை!

ஒகாவாவை ஞாபகம் இருக்கிறதா? அப்போது அவர்தான் செகாவின் தலைவர். மெஷின் தயாரிப்பதை விட்டுவிடலாம் என்று வெகு நாளாகச் சொல்லிவந்தவர். தன் சொந்தப் பணத்தைக் கம்பெனிக்குக் கடன் கொடுத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். சாகும் தறுவாயில் அந்தக் கடனைத் தள்ளுபடி செய்து, சுமார் 69 கோடி டாலர் பெறுமானமுள்ள தன் பங்குகளையும் கம்பெனிக்கே கொடுத்துவிட்டார். 2001 மார்ச் 16-ம் தேதி காலமானார். செகா பிழைத்தது. இன்றைக்கும் கேம்கள் தயாரித்துக்கொண்டிருக்கிறது.

ஒகாவா எழுதிக்கொடுத்த கோடிகளுக்குக் கணக்கு இருக்கிறது. பையனின் 1,006 டாலருக்கு இல்லை.

அதே 2001 டிசம்பரில், சோனிக் நின்டெண்டோ மெஷினில் ஓட ஆரம்பித்தது. 2007-ல் மரியோவும் சோனிக்கும் ஒரே கேமில், ஒலிம்பிக் மைதானத்தில், கைகோத்துக்கொண்டார்கள். கட்சித் தலைவர்கள் ராசியாகிவிட்டார்கள். தொண்டன்தான் பாவம், பள்ளிக்கூடத்தில் அவர்களுக்காகச் சண்டை போட்டு சட்டையைக் கிழித்துக்கொண்டவன்.

அவனுக்கு இன்றைக்கு நாற்பது வயது தாண்டியிருக்கும். பரணில் ஒரு அட்டைப்பெட்டி இருக்கும். அதில் மூன்று அடாப்டர்கள் இருக்கும். எது எந்த மெஷினுக்கு என்று அவனுக்குப் பார்த்தவுடனே தெரியும்.